பார்க்கின்சன் மாத்திரையும் விடாத வறட்டு இருமலும்: யாருக்காவது அனுபவம் இருக்கிறதா?

நொய்யல்கரைப் பெண்
எல்லோருக்கும் வணக்கமுங்க. ஊர் பல்லடம் பக்கம். அப்பாவுக்கு வயது 71. நூல் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோ ரூம், கார்டிங் என்று 27 வருடம் வேலை செய்தவர். ரிட்டையர் ஆகி 13 வருடமாகத் தோட்டத்துச் சாளையில்தான் இருக்கிறார். பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய் வந்து எட்டு வருடம். லெவோடோபா மாத்திரை ஒரு நாளைக்கு நாலு வேளை. அதோடு நாலு வருடமாக புரோமோகிரிப்டின் என்று ஒன்று ஓடுகிறது. அரை மாத்திரையில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போனார்கள்.

போன ஆடியில் வறட்டு இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. அப்புறம் மூச்சு வாங்கியது. சாளைத் திண்ணையிலிருந்து கட்டுத்தறி நாற்பது அடி இருக்கும். முன்பெல்லாம் தீவனக் கூடையோடு போவார். இப்போது வெறுங்கையோடு போகும்போதே வேப்பமரத்தடியில் ஒரு தரம், தொட்டி ஓரம் ஒரு தரம் நின்றுவிடுகிறார். மாடு அவரைப் பார்த்துக் கத்துகிறது, அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

முதலில் பார்த்த டாக்டர், "மில்லில் இருந்தவர்தானே, பஞ்சுத் தூசி" என்று முடித்துவிட்டார். இரண்டாவது இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, இடது பக்கம் கீழே நீர் கோத்திருக்கிறது, டிபியாக இருக்கும் என்று ஆறு மாத மருந்து ஆரம்பித்தார்கள். சளியில் கிருமி எதுவும் வரவில்லை. இரண்டு மாதம் ஆச்சு. ஒன்றுக்குப் போவது சிவப்பாகப் போகிறதே தவிர இருமலில் ஒரு மாற்றமும் இல்லை. எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது.

போன வாரம் அக்கா மகன் வந்திருந்தான், குமாரபாளையத்தில் பி.பார்ம் படிக்கிறான். மாத்திரை டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, அப்புச்சியோட இந்த மாத்திரை நுரையீரலுக்கு ஆகாதுங்களே, நெஞ்சு டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை நெஞ்சைக் கெடுக்குமா? இவன் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பயமுறுத்துகிறானா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சோமனூர் தறிக்காரன்
அம்மணி, தப்பா நினைக்காதீங்க. புளோ ரூமில் 27 வருடம் என்றால் நுரையீரல் எப்படி நன்றாக இருக்கும்? பஞ்சுப் பேல் (பொதி) உடைக்கிற இடத்தில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. எங்க பெரியப்பாவும் மில்தான். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் வேலைக்குப் போனால் அன்று சாயங்காலம் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், வாரக் கடைசிக்குள் சரியாகும். 'திங்கக்கிழமை சீக்கு' என்றே சொல்வார்கள். வயதானதும் அதுவே நிரந்தரமாகிவிட்டது. மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன்னால் இதை யோசியுங்க. பையன் இரண்டாம் வருடம் படித்தால் எல்லாமே சைடு எபெக்ட்டாகத்தான் தெரியும்.

மருந்துக்கடை மாப்பிள்ளை
கோபியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பையன் சொன்னது சரிதான், பாராட்டுங்க.

பார்க்கின்சனில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைகிறது. லெவோடோபா உள்ளே போய் டோபமைனாக மாறும். இன்னொரு வகை மாத்திரைகள் மாறாமல் டோபமைன் போலவே நடிக்கும். அந்த இரண்டாவது வகையில் பழைய தலைமுறை ஒன்று உண்டு: புரோமோகிரிப்டின், கேபர்கோலின், பெர்கோலைடு. இவை எர்காட் என்ற பூஞ்சையின் வேதிப்பொருளிலிருந்து வந்தவை. புதிய தலைமுறையான பிரமிபெக்சோல், ரோபினிரோல் இரண்டும் எர்காட் குடும்பம் இல்லை.

எர்காட் குடும்பத்தின் தொல்லை என்னவென்றால், டோபமைனோடு நிற்காமல் செரோட்டோனின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் ஏற்பிகளையும் தட்டிவிடும். அதில் 2பி என்று ஒரு வகை. அதைத் தட்டினால் சில பேருக்கு நார்த்திசு வளர ஆரம்பிக்கும். நுரையீரலைச் சுற்றிய உறை தடிக்கும், அங்கே நீர் கோக்கும், சிலருக்கு நுரையீரலே நார் பாயும். இதய வால்வு தடிக்கலாம். வயிற்றுக்குப் பின்பக்கம் நார் வளர்ந்து சிறுநீர்க் குழாயை நெரிக்கலாம். புரோமோகிரிப்டினில் நுரையீரல் உறை இப்படி ஆவதை பின்லாந்து டாக்டர் ஒருவர் 1981லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். 2007இல் வால்வு பாதிப்பு உறுதியானதும் அமெரிக்காவில் பெர்கோலைடை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2008இல் ஐரோப்பாவில் கேபர்கோலினுக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம், புரோமோகிரிப்டினுக்கு 30 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் வருவதில்லை. நிறைய பேர் வருடக்கணக்கில் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். அதனால்தான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எங்கள் கடையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பழைய சீட்டைக் கொண்டு வந்து, "இதே மாத்திரை ரெண்டு மாசத்துக்குக் குடுங்க" என்று கேட்பவர்கள்தான் அதிகம். நாங்களும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அதில் என் பங்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

கம்பங்காட்டான்
எர்காட் என்றதும் உள்ளே வந்தேன். தாராபுரம் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் கம்பு. பூக்கும் நேரத்தில் மழை பிடித்தால் கதிரில் தேன் மாதிரி ஒழுகும், ஈ மொய்க்கும், அப்புறம் மணிக்குப் பதிலாகக் கறுப்பாகக் கொம்பு மாதிரி ஒன்று நிற்கும். தேன் ஒழுகல் நோய். விதைக் கம்பை உப்புத் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும், அள்ளிக் கொட்டிவிட்டு விதைப்போம். பத்து லிட்டருக்கு ஒரு கிலோ உப்பு. அந்த எர்காட்டா இது?

மருந்துக்கடை மாப்பிள்ளை
அதனுடைய பங்காளிங்க. மருந்துக்கு எடுத்தது ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தில் வருவது. கம்பில் வருவது அதே இனத்தில் வேறு பூஞ்சை, அதன் நஞ்சும் கொஞ்சம் வேறு. மிதப்பதை அள்ளிக் கொட்டுகிறீர்களே, அதை விட்டுவிடாதீங்க.

அவிநாசி அண்ணன்
இவ்வளவு தெரிந்த பிறகு என்ன யோசனை? இன்று ராத்திரியே அந்த மாத்திரையை நிறுத்துங்க. ஆங்கில மருந்தே இப்படித்தான். பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்து, தோலெடுத்துப் பொடியாக்கி காலை மாலை கொடுங்க. நடுக்கம் நிற்கும். எங்க ஒறம்பரையில் ஒருத்தருக்கு நின்றிருக்கிறது.

சென்னிமலைக்காரி
அண்ணா, தயவுசெய்து இப்படிப் பொதுவில் எழுதாதீங்க. நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தவள்.

என் மாமனாருக்கும் இதே நோய். மூன்று வருடத்துக்கு முன்னால் நோம்பி சமயம் வீடு நிறைய ஆட்கள். மாத்திரை தீர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவரும் "இத்தனை மாத்திரை எதுக்கு, உடம்பு நல்லாத்தானே இருக்குது" என்று இருந்துவிட்டார். மூன்றாம் நாள் விடியக்காலம் உடம்பு பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. கையைத் தூக்கினால் தோளோடு சேர்ந்து வந்தது. காய்ச்சல் 104. என்னைப் பார்த்து, செத்துப்போன தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெயிலில் மயங்கிவிட்டார் என்று ஈரத்துணி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வீணாக்கினோம். ஈரோட்டுக்குக் கொண்டு போய் ஒன்பது நாள் ஐசியூ. பார்க்கின்சன் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் இப்படி வரும் என்று அங்கேதான் சொன்னார்கள். தசை நொறுங்கி கிட்னி வரை போய்விட்டது. பிழைத்தது எங்க அதிர்ஷ்டம்.

அம்மணி, மாத்திரையை மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் டாக்டர் குறைத்துக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். நாளைக்கே போங்க, ஆனால் இன்று ராத்திரி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போங்க.

மருந்துக்கடை மாப்பிள்ளை
அவிநாசி அண்ணனுக்கு: பூனைக்காலி விதையில் இருப்பதே லெவோடோபாதாங்க. அதனால்தான் நடுக்கம் குறைகிறது. ஏற்கெனவே நாலு வேளை லெவோடோபா போடுகிறவருக்கு எவ்வளவு என்று தெரியாமல் மேலே அதையே ஊற்றினால் வாந்தி, தலைசுற்றல், கை கால் தன்னால் முறுக்குவது எல்லாம் வரும். ஆங்கில மருந்து, நாட்டு மருந்து என்பதில்லை விஷயம். அளவு தெரியவில்லை என்பதுதான்.

அவிநாசி அண்ணன்
சரி சரி. நல்லதுக்குத்தான் சொன்னேன். நிறுத்தச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பெருந்துறை சளி டாக்டர்
வேலை முடித்து இப்போதுதான் பார்த்தேன். நேரில் பார்க்காமல் வைத்தியம் சொல்ல முடியாது, சில விஷயங்கள் மட்டும்.

டிபி என்று நினைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் உட்கார்ந்திருக்கும் ஊரில் இன்னும் சானடோரியம், அதாவது டிபி ஆஸ்பத்திரி, என்ற பெயரில் பஸ் ஸ்டாப் இருக்கிறது. நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் டிபியைத்தான் நினைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், எர்காட் மாத்திரையால் கோக்கும் நீரை ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாலும் டிபி நீர் போலவே புரதம் அதிகமாக, லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் நிறைந்துதான் இருக்கும். எடை குறைவது, ரத்தச் சோதனையில் ஈஎஸ்ஆர் ஏறுவது எல்லாமே இரண்டிலும் உண்டு. பரிசோதனை பிரித்துக் காட்டாத இடத்தில் மாத்திரைச் சீட்டுதான் காட்டிக்கொடுக்கும். அதைத்தான் நாங்கள் கேட்க மறக்கிறோம். "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் பாதிப் பேர் "பிரஷருக்கு ஒண்ணு" என்பார்கள். நடுக்க மாத்திரை வேறு டாக்டர் விஷயம் என்று சொல்லவே மாட்டார்கள்.

பஞ்சுத் தூசியைப் பற்றி. அது பிரதானமாக மூச்சுக்குழாயை இறுக்கும், இழுப்பு, சளி வரும். உறையில் நீர் கோப்பதும் உறை தடிப்பதும் அதன் வழக்கமான குணம் இல்லை. தூசியை விட்டு 13 வருடம் கழித்துப் புதிதாக ஆரம்பித்ததும் இடிக்கிறது. ஆனால் ஒரு கேள்வி: அப்பா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெட்டும் வேலை, பைப் சுற்றும் வேலை எதுவும் செய்திருக்கிறாரா? ஆஸ்பெஸ்டாஸ் தூசி பட்டவர்களுக்குப் புரோமோகிரிப்டின் உறையைக் கெடுப்பது அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் குடிக்கும்போது, சாப்பிடும்போது இருமுகிறாரா, அல்லது நாள் முழுக்கவா? பார்க்கின்சனில் விழுங்கும் தசை தளர்ந்து சோறும் தண்ணீரும் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். மாத்திரைப் பக்கவிளைவைவிட அதனால் வரும் நிமோனியாதான் நான் அடிக்கடி பார்ப்பது. ஒன்றுக்குப் போகும் இடத்தில் இன்பெக்‌ஷன் அடிக்கடி வருகிறது என்று நைட்ரோபியூரன்டாயின் தொடர்ந்து போடுகிறாரா என்றும் பாருங்கள், அதுவும் நுரையீரலைக் கெடுக்கும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் போட்டாலும் அப்படித்தான்.

எச்ஆர்சிடி என்ற நுரையீரல் ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை, இதயத்துக்கு எக்கோ மூன்றும் வேண்டியிருக்கும். நியூரோ டாக்டரும் நெஞ்சு டாக்டரும் ஒருவரோடொருவர் போனில் பேசட்டும். நீங்களே வற்புறுத்துங்கள். டிபி மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நொய்யல்கரைப் பெண்
எல்லோருக்கும் நன்றிங்க. அண்ணா வாபஸ் வாங்கியதற்கும் நன்றி, அம்மா அன்று ராத்திரியே டப்பாவை ஒளித்து வைக்கப் போனார்.

ஆஸ்பெஸ்டாஸ் வெட்டும் வேலை செய்ததில்லை என்கிறார். இருமல் நாள் முழுக்க. சாப்பிடும்போது தனியாக இல்லை. நைட்ரோ மாத்திரையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கோயமுத்தூரில் நியூரோ டாக்டரிடம் போனோம். முன்பு பார்த்தவர் இல்லை, புதியவர். அக்கா மகன் எல்லா மாத்திரையையும் ஒரு பேப்பரில் எழுதி, எந்த வருடம் ஆரம்பித்தது, எப்போது ஏற்றினார்கள் என்று பழைய சீட்டுகளைப் பார்த்துத் தேதி போட்டிருந்தான். டாக்டர் அந்தப் பேப்பரைத்தான் முதலில் எடுத்தார். விரலை வைத்தபடி இறங்கிக்கொண்டே வந்து புரோமோகிரிப்டினில் நிறுத்தினார். எங்களைப் பார்க்காமலே, "இருமல் எப்ப ஆரம்பிச்சுது?" என்றார். அப்பா, "ஆடி பதினெட்டுக்கு முன்னாலீங்க" என்றார். மாத்திரையைக் கடைசியாக ஏற்றியது அதற்கு ஐந்து மாதம் முன்பு.

சிடியில் இரண்டு பக்கமும் உறை தடித்திருக்கிறது, இடது பக்கம் நீர். எக்கோவில் வால்வு நன்றாக இருக்கிறது. டிபி என்று சொன்ன இடத்தில் முதலில் எடுத்த நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டை நாங்கள் வாங்கவே இல்லை. போய்க் கேட்டு வாங்கினோம். ஆறு வாரம் வைத்தும் எதுவும் வளரவில்லை. நெஞ்சு டாக்டர், கல்ச்சரில் வராததால் மட்டும் டிபி இல்லை என்று சொல்ல முடியாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு டாக்டரும் எங்கள் முன்னாலேயே போனில் பேசிக்கொண்டார்கள். புரோமோகிரிப்டினை மூன்று வாரத்தில் படிப்படியாக இறக்கி எடுக்கிறார்கள். லெவோடோபாவை ஒரு வேளை கூட்டியிருக்கிறார்கள். டிபி மருந்தைப் பற்றி அடுத்த மாதம் முடிவு.

சோமனூர் தறிக்காரன்
பையனைக் கிண்டல் செய்ததற்கு மன்னிப்பு. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மில்லில் இருந்தவன் இருமினால் தூசி, தறி ஓட்டினவனுக்குக் காது கேட்கவில்லை என்றால் தறிச் சத்தம் என்று நாங்களே முடிவு கட்டிவிடுகிறோம். டாக்டர் மட்டும் செய்வதில்லை. எனக்கே ஒரு வருடமாகக் காது சரியில்லை, போய்ப் பார்க்கவில்லை.

பொள்ளாச்சி மச்சான்
எர்காட் இல்லாத மாத்திரைக்கு மாற்றினால் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்க. எங்க மாமாவுக்குப் பிரமிபெக்சோல் கொடுத்தார்கள். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடையும் நன்றாக வந்தது. ஆனால் வாழ்க்கையில் சீட்டுக்கட்டைத் தொடாத மனுசன் ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ரம்மி ஆடியிருக்கிறார். தேங்காய் விற்ற பணம் போனதும்தான் தெரிந்தது. திட்டாத ஆளில்லை. மாத்திரை அப்படிச் செய்யும் என்று டாக்டர் சொன்னபோது அத்தை அழுதுவிட்டார். அளவைக் குறைத்ததும் நின்றது. கால் வீக்கம், உட்கார்ந்தபடியே திடீரென்று தூங்குவது எல்லாம் அதிலும் உண்டு. வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

சென்னிமலைக்காரி
இதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. மாமனார் போன வருடம் மூன்று கறவை மாட்டை ஒரே சந்தையில் வாங்கி வந்தார். அது மாத்திரையா இல்லை இயல்பா என்று இன்னும் தெரியவில்லை.

நொய்யல்கரைப் பெண்
நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

புரோமோகிரிப்டின் முழுதாக நின்று மூன்று மாதம் ஆகிறது. டிபி மருந்தை நெஞ்சு டாக்டர் நிறுத்திவிட்டார். இருமல் ஆறாவது வாரத்திலிருந்து குறைய ஆரம்பித்தது. திடீரென்று நின்றுவிடவில்லை. ஒரு நாள் ராத்திரி அம்மா, "இன்னிக்கு உங்கப்பன் இருமவே இல்லையே" என்று எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தார், அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எக்ஸ்ரேயில் நீர் இல்லை. உறைத் தடிப்பு கொஞ்சம் அப்படியே இருக்கிறது, அது போகாமலும் இருக்கலாம் என்றார்கள். எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

நடுக்கம் கூடிவிட்டது. அதை மறைக்கவில்லை. மருந்தின் வேகம் இறங்குகிற நேரம் இடது கை தன் பாட்டுக்கு ஆடுகிறது. காப்பி டம்ளரை வட்டிலோடு வைத்துப் பாதி வட்டிலில் சிந்திவிட்டுத்தான் குடிக்கிறார். டாக்டர் பிரமிபெக்சோல் சேர்க்கலாமா என்று கேட்டார். பொள்ளாச்சி மாமா கதையை அப்பாவிடம் சொன்னேன். "ரம்மி ஆடுறதுக்கு நம்மகிட்ட எங்க பணம் கெடக்குது" என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள், பாலோடும் பருப்போடும் சேர்த்து வேண்டாம் என்றார்கள். அதில் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது.

முன்பு மாத்திரை எழுதிய டாக்டர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. மாத்திரை எழுதியது தப்பில்லை என்று புதிய டாக்டர் சொன்னார், நாலு வருடத்தில் ஒரு எக்ஸ்ரேயோ எக்கோவோ எடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். நாங்களும் அவரிடம் ஒன்றரை வருடம் போகவே இல்லை, சீட்டை மட்டும் கடைக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா மகன் பக்கவிளைவு என்று அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எழுதிப் போட்டான். 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளி வீட்டாரே சொல்லலாமாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

மருந்துக்கடை மாப்பிள்ளை
அந்த எண்ணைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். பழைய சீட்டோடு புரோமோகிரிப்டின் வாங்க வருகிற மூன்று பேரிடம் இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு பேர் இல்லை என்றார்கள். ஒருத்தர் போன வாரம் நெஞ்சு டாக்டரிடம் போயிருக்கிறார், இன்னும் ரிப்போர்ட் வரவில்லை.

கம்பங்காட்டான்
அப்பா கட்டுத்தறிக்குப் போகிறாரா அம்மணி?

நொய்யல்கரைப் பெண்
போகிறாருங்க. வேப்பமரத்தடியில் மட்டும் ஒரு தரம் நிற்கிறார். கேட்டால், மூச்சுக்கு இல்லை, பீடி பிடித்த காலத்திலிருந்து அங்கே நிற்கிற பழக்கம் என்கிறார்.